ஒரு குவார்ட்டருக்கு ஆறு: டாக்டர்களுக்கான குடி ஆலோசனைப் பயிற்சிக்குப் போய் வந்த கதை

கட்டணம் 3,500 ரூபாய். மதுரையில் சனி, ஞாயிறு இரண்டு நாள் நேரடி வகுப்பு. அப்புறம் ஆறு வாரம், வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு ஆன்லைனில் கேஸ் விவாதம். மதியச் சாப்பாடு, டீ, ஒரு ஃபைல், கடைசியில் ஒரு சான்றிதழ். குடும்ப டாக்டர்கள் தங்களிடம் வருகிற நோயாளிகளிடம் குடியைப் பற்றி எப்படிக் கேட்பது, எப்படிப் பேசுவது என்று சொல்லித்தருகிற பயிற்சி இது. நடத்தியவர்கள் பெயரை எழுதப்போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது. தவிர, இதே பாடம் கொஞ்சம் கூடக்குறைய பல ஊர்களில் நடக்கிறது. எங்கே போனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நான் கோவில்பட்டியில் 22 வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். வெறும் எம்.பி.பி.எஸ். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், லோடுமேன்கள், லாரி டிரைவர்கள், கடலைமிட்டாய்ப் பட்டறைக்காரர்கள், சுற்றுவட்டாரக் கரிசல் காட்டு சம்சாரிகள். சாயங்காலம் 5 மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதரைக்குள் 60 டோக்கன். ஆளுக்கு நாலு, நாலரை நிமிடம். அதற்குள் நாடி பார்த்து, பி.பி. பார்த்து, சீட்டு எழுதி, 'ஒரு ஊசி போடுங்க சார்' என்பவரைச் சமாளித்து அனுப்ப வேண்டும்.

இந்த வகுப்புக்குப் போனதற்குக் காரணம் ஒரு லோடுமேன். நாலு வருடமாக என்னிடம் பி.பி.க்கு மாத்திரை வாங்குபவர். ஒரு மாத்திரையில் தொடங்கி மூன்று மாத்திரையில் வந்து நின்றோம், அப்படியும் பி.பி. இறங்கவில்லை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் ராத்திரி கை நடுங்கி, வியர்த்துக்கொட்டி, வலிப்பு வந்துவிட்டது. மறுநாள் சர்ஜன் எனக்குப் போன் செய்தார். "டாக்டர், உங்க பேஷண்ட் தினம் ஆஃப் பாட்டில் அடிக்கிறவர்னு உங்களுக்குத் தெரியாதா?" என் குறிப்புச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் என் கையெழுத்தில், 'மது: எப்போதாவது'. நான் கேட்டது 'குடிப்பீங்களா?' என்றிருக்கும். அவர் 'எப்பவாவது சார்' என்றிருப்பார். அத்தோடு சரி. மனிதர் பிழைத்துக்கொண்டார், இப்போதும் வருகிறார். எனக்குத்தான் அந்த இரண்டு சொல் உறுத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனேன். ஒரு லாட்ஜின் மாடியில் ஏ.சி. ஹால், 30 டாக்டர்கள். பாதிப்பேர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வந்த இளவட்டங்கள், மீதி என்னைப்போல நரைத்தவர்கள். நுழைவாயிலில் கொடுத்த பையில் இருந்த பேனாவில் ஒரு கல்லீரல் மாத்திரைக் கம்பெனியின் பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாத்தூர் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு நாம ஜெயிக்கணுமா, தோக்கணுமா?" என்றார்.

முதல் ஒன்றரை மணி நேரம் ஸ்லைடுகள். 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், அதில் 5.7 கோடிப் பேர் உதவி தேவைப்படுகிற நிலையில் இருக்கிறார்கள் என்பது வரை காது கொடுத்தேன். அதற்கப்புறம் மூளையின் படம், கல்லீரலின் படம், மறுபடி மூளை. எல்லாம் படித்ததுதான். இந்தப் பகுதியைப் பாதியாக வெட்டலாம்.

பதினொன்றரைக்கு ஓர் அம்மா மேடை ஏறினார். மனநல ஆலோசகர், குடிமறுவாழ்வு மையங்களில் பல வருடம் வேலை பார்த்தவர். அவருக்குப் பின்னால் திரையில் ஒரு வெளிநாட்டுப் படம்: ஒயின் கிளாஸ், பீர் மக், சின்னதாக ஒரு ஷாட் கிளாஸ். 'இவை ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாண்டர்டு டிரிங்க்'. அதைப் பார்த்து அவரே சிரித்துவிட்டு, கட்டைப்பையிலிருந்து மூன்று காலி பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு குவார்ட்டர், ஒரு பீர், ஒரு ஆஃப். கூடவே பிளாஸ்டிக் கப் ஒரு அடுக்கு, ஒரு தண்ணீர் பாக்கெட், லேபிலிருந்து கொண்டுவந்த அளவுக் குழாய் ஒன்று. ஹாலில் அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

கணக்கு எளிது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற அளவில் ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் சுத்த ஆல்கஹால். அமெரிக்காவில் 14 கிராம், இங்கிலாந்தில் ஒரு யூனிட் 8 கிராம் என்று ஊருக்கு ஊர் மாறும். நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180ஐ 0.428ஆல் பெருக்கினால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். அதன் எடை, மில்லிக்கு 0.79 கிராம் வீதம், சுமார் 61 கிராம். ஆக ஒரு குவார்ட்டர் என்பது ஆறு டிரிங்க். அதில் பாதி, அதாவது கட்டிங், என்றால் மூன்று. 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதமாக இருந்தால், ஒரு பாட்டிலே நாலு. 'பீர்தான் சார், சூட்டுக்கு' என்று சொல்பவரும் ஒரு கட்டிங்கைத் தாண்டித்தான் நிற்கிறார்.

ஆறு என்ற எண் ஏன் முக்கியம் என்பது மத்தியானம் புரிந்தது. ஆடிட் என்று பத்துக் கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்துத் தயாரித்தது, ஆரம்ப சிகிச்சை மருத்துவர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. அதில் மூன்றாவது கேள்வி, 'ஒரே அமர்வில் ஆறு டிரிங்க் அல்லது அதற்கு மேல் எத்தனை தடவை?' நம் ஊருக்கென்றே எழுதினமாதிரி இருக்கிறது. 'ஒரு குவார்ட்டரை முழுசா நீங்களே எப்பவெல்லாம் முடிப்பீங்க?' என்று கேட்டால் அதே கேள்விதான். நான் 22 வருடமாக 'ஒரு குவார்ட்டர்தான் சார், அதுவும் சனிக்கிழமை மட்டும்' என்பவரை நல்ல பிள்ளைகள் பட்டியலில் வைத்திருந்தேன். சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை குவார்ட்டர் என்பது எங்கள் ஊரில் காலண்டர் மாதிரி. அந்தச் சனிக்கிழமை மனிதருக்கு முதல் மூன்று கேள்வியிலேயே 2, 2, 3 என்று 7 மதிப்பெண் விழுந்துவிடும். 8 வந்தால் டாக்டர் பேச வேண்டும் என்பது கணக்கு.

எங்களையே அந்தப் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். பெயர் எழுத வேண்டாம், யாரிடமும் காட்ட வேண்டாம். நானும் மாதம் ஒருமுறை நண்பர்களோடு உட்காருகிறவன்தான். பெரிய பெக் இரண்டு, அதாவது நாலு டிரிங்க். வருடத்தில் ஓரிரு தடவை அதைத் தாண்டும். ஒன்று, ஒன்று, ஒன்று, மொத்தம் மூன்று. நிம்மதியாக மடித்துப் பையில் வைத்தேன். கடைசிக் கேள்வி, 'உறவினரோ நண்பரோ டாக்டரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா?' இல்லை என்று போட்டிருந்தேன். ராத்திரி லாட்ஜிலிருந்து மனைவியிடம் பேசும்போது சும்மா கேட்டு வைத்தேன். "ஏன், சித்திரையில உங்க ஃப்ரெண்டு பொண்ணு கல்யாணத்தன்னிக்குச் சொன்னேனே, இப்படிக் குடிச்சிட்டு வண்டி ஓட்டாதீங்கன்னு! மறந்துட்டீங்களா?" என்றாள். ஒரு வருடத்துக்குள் யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கு 4. ஆக மொத்தம் 7. எல்லைக்கு ஒன்று குறைச்சல். பெண்டாட்டியைக் கேட்காமல் நிரப்புகிற படிவத்தை நம்பக்கூடாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இனி, கொடுத்த காசுக்கு மதிப்புள்ள பகுதி. முதல் நாள் மத்தியானம் இரண்டரை முதல் ஐந்தரை வரை. இதற்காகவே போகலாம்.

மேடை நாடகங்களில் நடிக்கிற ஒருவரை நோயாளி வேடத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பீடிக்கட்டு, காலில் சிமெண்டு ஒட்டிய செருப்பு. கொத்தனார், பி.பி. 160க்கு 100, இரண்டு பெண் பிள்ளைகள். டாக்டராக உட்கார யார் வருகிறீர்கள் என்றபோது, அனுபவஸ்தன் என்ற நினைப்பில் நான் கையைத் தூக்கினேன்.

"எவ்வளவு குடிப்பீங்க?"

"கொஞ்சம்தான் சார்."

"கொஞ்சம்னா? எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. பி.பி. பாருங்க, எவ்வளவு ஏறியிருக்குன்னு. இப்படியே போனா லிவர் போயிரும். ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சிருக்கீங்க, அதுகளுக்கு யாரு இருக்கா? இன்னையோட நிறுத்திருங்க, என்ன?"

"சரிங்க சார். இனிமே தொடமாட்டேன் சார்."

எனக்குத் திருப்தி. என் கிளினிக்கில் தினமும் நடக்கிறது அப்படியே நடந்தது. அந்த அம்மா நடிகரிடம் திரும்பி, "இப்ப வெளியில போய் என்ன செய்வீங்க?" என்று கேட்டார். அவர் வேடம் கலையாமல் சொன்னார்: "மாத்திரை வாங்குவேன். டாக்டர் வஞ்சதுல ஒரு மாதிரி இருக்கும், அப்படியே கடைப்பக்கம் போயிருவேன். அடுத்த மாசம் வேற டாக்டர்கிட்டப் போயிருவேன்." ஹாலே சிரித்தது. கடிகாரம் வைத்திருந்தவர் ஒன்றரை நிமிடத்தில் 70 விநாடி நான்தான் பேசினேன் என்று அறிவித்தார்.

பிறகு அந்த அம்மாவே டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பி.பி.யைப் பத்திப் பேசறப்போ, குடிக்கிறதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை கேட்டுக்கலாமாண்ணே?"

"கேளுங்கம்மா."

"வேலை முடிச்சு வந்து குடிக்கிறதுல உங்களுக்கு என்ன நல்லது இருக்கு?"

ஹாலில் சலசலப்பு. ஒரு டாக்டர் கேட்கக்கூடிய கேள்வியா இது? கொத்தனார் கொஞ்சம் யோசித்தார். "ஒடம்பு வலி தெரியாதும்மா. படுத்தா தூக்கம் வந்துரும்."

"சரி. பிடிக்காதது ஏதும் இருக்கா?"

அவர் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. அந்த மௌனம் எட்டுப் பத்து விநாடிதான் இருக்கும், எனக்கு வாய் நமநமவென்றது. லிவர் என்று சொல்லிவிடலாமா என்று துடித்தேன். கொத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "காலைல சாரத்துல ஏறறப்போ காலு ஒரு மாதிரி இருக்கும்மா. போன மாசம்..." நிறுத்தினார். அம்மாவும் நிரப்பவில்லை. "விழப் பாத்தேன். வீட்டுல சொல்லல."

அப்புறம் அந்த எண் கேள்வி. குறைக்க வேண்டும் என்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லுங்கள். "நாலு." நானாக இருந்தால் 'ஏன் நாலுதானா?' என்றிருப்பேன். அவர் கேட்டது, "ஏன் நாலு? ஒண்ணுன்னு சொல்லலியே?" இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'ஏன் நாலுதான்' என்றால் அந்த ஆள் குடிப்பதற்கு நியாயம் சொல்லத் தொடங்குவார். 'ஏன் ஒண்ணு இல்ல' என்றால் குறைப்பதற்கான நியாயத்தை அவரே தன் வாயால் சொல்வார். கொத்தனார் சொன்னார்: சாரம், பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, சீட்டுக் காசு. லிவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாரத்தில் இரண்டு நாள் விடுகிறேன் என்று அவராக வந்தார். மொத்தம் 4 நிமிடம் 40 விநாடி. என் டோக்கன் நேரத்துக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது.

இந்த முறை 1983இல் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கியது. பிறகு அவரும் ஸ்டீபன் ரால்னிக்கும் சேர்ந்து வளர்த்தார்கள். புத்தகமாகவே படிக்கலாம். ஆனால் நான் சொல்கிறேன், படித்தால் வராது. நாற்காலியில் உட்கார்ந்து, முப்பது பேர் முன்னால் வாயை அடக்க முடியாமல் அசிங்கப்பட்டால்தான் வரும். அன்றைக்கு எல்லோரும் இரண்டு சுற்று உட்கார்ந்தோம். ஒரு அரசு டாக்டர் தங்கச்சி முதல் சுற்றிலேயே பிரமாதமாகச் செய்தாள். கேட்டால், "வீட்டுல அப்பா சார்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலை வகுப்பு ஒரு மனநல மருத்துவருடையது. யாரிடம் 'உடனே நிறுத்து' என்று சொல்லக்கூடாது என்பதுதான் தலைப்பு. எனக்கு என் லோடுமேனுக்காகவே வைத்த வகுப்பு மாதிரி இருந்தது. தினமும் நிறையக் குடித்து உடம்பு பழகிப்போனவர் சட்டென்று நிறுத்தினால், கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நாலு நாளில் புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்த்துப் பேசுகிற நிலை வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆடிட்டில் 20ஓ அதற்கு மேலோ வருகிறவர், காலையில் கை நடுக்கத்துக்காகக் குடிக்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் ஆகியோருக்கு ஆலோசனை போதாது. மருந்தோடு, கண்காணிப்போடு நிறுத்த வேண்டும்.

இதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது குளுக்கோஸ். 'ரெண்டு நாளா சாப்பிடல சார், குடிச்சிட்டே கெடக்காரு, ஒரு பாட்டில் ஏத்துங்க' என்று தூக்கி வருவார்கள், நாமும் ஏற்றுவோம். தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், ஏற்கெனவே பி1 வற்றிப்போன மூளைக்கு அது தீங்காகலாம், கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, ஞாபகமே நிரந்தரமாகப் போகலாம். முதலில் தயமின், அப்புறம் பாட்டில். கல்லூரியில் படித்ததுதான். எத்தனை ராத்திரி ஞாபகமாகச் செய்தேன் என்று யோசித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

டைசல்ஃபிரம், அதாவது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை, பற்றி ஒரு சண்டையே நடந்தது. கணவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துகொடுக்கப் பெண்களிடம் மாத்திரை தருவதாக ஒரு மூத்த டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார். "பாவம் அந்தப் பொம்பளைக, வேற என்ன வழி?" என்றார். வகுப்பெடுத்தவர் குரலை உயர்த்தவில்லை. "அந்த ஆள் அன்னைக்கு ஒரு ஆஃப் அடிச்சா பி.பி. எங்க போய் விழும்னு உங்களுக்குத் தெரியும். இதய நோய் இருந்தா என்ன ஆகும்னும் தெரியும். அந்த அம்மா கையாலேயே அது நடக்கணுமா?" என்றார். நோயாளிக்குத் தெரிந்து, சம்மதித்து, எச்சரிக்கை புரிந்து எடுத்தால்தான் அது மருந்து. டவுன் சுவர்களில் 'குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று ஒட்டியிருக்கிற போஸ்டர்கள் என் கண்முன் வந்து போயின.

சரி, குறைகள்.

முதலாவது, அளவுக்கு மீறிய விளம்பரம். 'ஐந்து நிமிடம் ஒரு உயிரை மாற்றும்' என்று பேனரில் போட்டிருந்தார்கள். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசி 2018இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, இப்படிப்பட்ட சுருக்கமான ஆலோசனையால் ஒரு வருடம் கழித்து வாரத்துக்குச் சுமார் 20 கிராம் குறைகிறது என்கிறது. அதாவது இரண்டு சின்ன பெக். இங்கிலாந்தில் 2013இல் வெளியான சிப்ஸ் என்ற ஆய்வில் 756 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மதிப்பெண்ணைச் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும், இன்னொன்றுக்கு 5 நிமிட அறிவுரை, மற்றதற்கு கூடவே 20 நிமிட ஆலோசனை கொடுத்தார்கள். மூன்றுக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. இதை நான் எழுந்து கேட்டேன். மனநல மருத்துவர் நேர்மையாக ஒப்புக்கொண்டார். ஆளுக்கு இரண்டு பெக் குறைவது சின்னதுதான், ஆனால் கேட்கிற டாக்டர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அது பெரிதாகும் என்றார். அந்தப் பதிலை முதல் ஸ்லைடிலேயே போட்டிருக்கலாம். நான் இன்னும் அதிகமாக நம்பியிருப்பேன்.

இரண்டாவது, என் கிளினிக் சிஸ்டரை அழைத்து வரலாமா என்று முன்பே போனில் கேட்டேன். டாக்டர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். பெரிய தப்பு. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அங்கே ஆலோசனை தந்தவர்கள் டாக்டர்களே இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தில்லாத அளவுக்கு இறங்கியிருந்தார்கள், பெறாதவர்களில் 26 சதவீதம். இந்த ஆய்வையே ஸ்லைடில் காட்டிவிட்டு, சிஸ்டரை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

மூன்றாவது, தமிழ்ப் படிவம். யாரோ அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள். 'ஒரு வழக்கமான நாளில் எத்தனை மது அலகுகள் உட்கொள்வீர்கள்?' ஊருக்கு வந்து முதல் நாள் ஒரு பெரியவரிடம் இதை அப்படியே வாசித்தேன். "அலகா? அது மாரியம்மன் கோயில்ல குத்துறதுல்ல?" என்றார். அன்றைக்கே படிவத்தை மடித்து வைத்துவிட்டுச் சொந்தத் தமிழில் எழுதிக்கொண்டேன்.

நாலாவது, எனக்கு ரொம்பக் கோபம் வந்தது இதில்தான். இரண்டு நாளும் குடிக்கிற ஆணைப் பற்றியே பேசினார்கள். என் கிளினிக்கில் அவர் வருவது மாதம் ஒருமுறை. அவர் மனைவி வருவது மாதம் மூன்று முறை. தலைவலி, தூக்கமில்லை, 'கை கால் அசதி சார்'. முழங்கையில் கன்றிப்போன தடத்தைக் கேட்டால் 'கதவுல இடிச்சுக்கிட்டேன்'. அந்தப் பெண்ணிடம் என்ன கேட்பது, எங்கே அனுப்புவது, புருஷனிடம் பேசினால் அன்றைக்கு ராத்திரி அவளுக்கு என்ன ஆகும்? ஒரு ஸ்லைடுகூட இல்லை. குடிக்கிற பெண்களைப் பற்றி ஒரே ஒரு ஸ்லைடு, அதிலும் கர்ப்பிணிகள் மட்டும்.

ஆன்லைன் விவாதம் இரவு 8 மணி. எந்தத் தனியார் டாக்டர் அந்த நேரத்தில் சும்மா இருப்பார்? ஆறில் இரண்டுக்குத்தான் உட்கார முடிந்தது. அந்த இரண்டும் நன்றாகவே இருந்தன, அவரவர் கேஸைக் கொண்டுவந்து எங்கே சறுக்கினோம் என்று பேசினோம். வாரம் போகப்போகப் பழைய பிரசங்கம் என் வாயில் திரும்பி வந்துவிட்டது என்பதால் இதன் அருமை தெரிகிறது. காலை 6 மணிக்கு வைத்திருந்தால் ஆறுக்கும் வந்திருப்பேன். சான்றிதழில் என் இன்ஷியல் தப்பு. சாப்பாடு சுமார், ரசம் மட்டும் நன்றாக இருந்தது.

நாலு மாதம் ஆகிறது. எங்கள் கிளினிக்கில் மாறியது இதுதான். பி.பி. பார்க்கும்போதே சிஸ்டர் மூன்று கேள்வி கேட்டுவிடுகிறார்: எத்தனை நாளைக்கொரு தடவை, கட்டிங்கா குவார்ட்டரா ஆஃபா, முழுக் குவார்ட்டர் எப்போதெல்லாம். நான் மதுரையில் கற்றதை அவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட அவர் நன்றாக மௌனமாக இருக்கிறார். சீட்டுக்குப் பின்னால் 14446, 14416 என்று போதை மறுவாழ்வு உதவி எண்ணும் டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண்ணும் ரப்பர் ஸ்டாம்பாகக் குத்தியிருக்கிறோம். மருந்து தேவைப்படுகிறவர்களைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு அனுப்புகிறேன். போகிறவர்கள் பாதிக்கும் குறைவு.

எல்லாம் கூடிவந்தது என்று சொல்ல மாட்டேன். கேட்டதற்கே கோபித்துக்கொண்டு ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி வருவதை நிறுத்திவிட்டார். இன்னொருவர் ஒவ்வொரு முறையும் 'பத்துக்கு எட்டு சார்' என்று உற்சாகமாகச் சொல்கிறார், குடி ஒரு சொட்டு குறையவில்லை. ஆனால் ஒரு லாரி டிரைவர். தினம் குவார்ட்டர் என்றவர், பாதியாக்குகிறேன் என்று அவராகச் சொல்லிப் போனார். மூன்று வாரம் கழித்து துணிப்பையில் ஒரு காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு. "இந்தக் கோட்டோட நிறுத்திக்கிறேன் சார், இது கட்டிங் அளவுதான?" சிஸ்டர் கோடு வரை தண்ணீர் ஊற்றி, அளவுக் குழாயில் கவிழ்த்துப் பார்த்தார். 115 மில்லி. கோடு கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது என்றேன். "அப்பாடி, நான் ஏமாத்தல சார், பாட்டில் கீழ அகலமா இருக்குல்ல" என்றார். அவர் பேனாவையே வாங்கி 90இல் புதுக்கோடு போட்டுக் கொடுத்தேன். பி.பி. இப்போது இரண்டு மாத்திரையில் நிற்கிறது.

போகலாமா என்று கேட்டால், பி.பி., சர்க்கரை, வயிற்று எரிச்சல் என்று தினமும் ஆண்களைப் பார்க்கிற டாக்டர்கள் போகலாம். பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். நடித்துக் காட்டுகிற பயிற்சி எத்தனை மணி நேரம்? வெறும் ஸ்லைடு என்றால் பஸ் காசை மிச்சப்படுத்துங்கள். அதற்கப்புறம் தொடர் விவாதம் உண்டா, எத்தனை மணிக்கு? நர்ஸை அழைத்து வரலாமா? எங்கள் சிஸ்டரின் பெயரை அடுத்த பேட்சுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். இல்லையென்றால் என் சான்றிதழில் இன்ஷியல்தான் தப்பாக இருக்கிறதே, அதைக் கொண்டு அவரை அனுப்பிவிடலாம் என்று சாத்தூர் டாக்டர் யோசனை சொல்கிறார்.